காசும் கேசும்

ஆங்கிலேயன் வழங்கும் ‘கேசு’ என்னுஞ் சொல் நம் ‘காசு’ என்னுஞ் சொல்லினின்றே பிறந்தது என்று மேடைக்கு மேடை முழங்கப்படுகின்றது. முழங்கிய அளவிலே அவையிற் கைதட்டலும் எழுகின்றது. அந்தக் கைதட்டலைத்தான் நான் வேண்டா என்கின்றேன். முழங்குவோர் நம்மவர், தமிழ்மேல் தணியாப் பற்றுடையவர், நம் தோளோடு தோள் நிற்பவர். ஆதலினாலேயே இதனை நம் இதழில் எழுத வேண்டியுள்ளது. மாற்றான் சொல்லும் பொய் நமக்கு ஊறு செய்யாது. அதனை மறுத்தெழுதி நாம் மேலும் வலுப்பெறுவோம். நம்மவர் சொல்லும் அரைமெய்யோ, நம் கையிலுள்ள முழுமெய்களையும் விலைபோகாமற் செய்துவிடும்.

(கிரந்த எழுத்திட்டால்தான் அச்சொல்லை எழுத முடியும் என்பார் எழுதிக்கொள்ளட்டும். தமிழ் நெடுங்கணக்கில் உள்ள எழுத்தே நமக்குப் போதும்.)

அரைமெய் என்றேன். ஆங்கிலத்தில் ‘கேசு’ என்பது ஒரு சொல்லன்று, இரு சொற்கள். ஆக்சுபோர்டுப் பேரகரமுதலி அவற்றை இரண்டு தனித்தனிச் சொற்களாகவே பிரித்து வைத்திருக்கின்றது. ஒன்று இலத்தீன் மொழியிற் பெட்டியாய்ப் பிறந்தது. மற்றொன்று நம் மண்ணிற் காசாய்ப் பிறந்தது. வளர்ந்து முடிந்தபின் இரண்டும் ஒலியால் ஒன்றுபோல் ஆயினவேயன்றிக் குருதியால் ஒன்றல்ல. ஆங்கிலேயன் கடையில் நின்று கைப்பணத்தைக் ‘கேசு’ என்று சொல்லும்பொழுது அவன் வாயிலிருப்பது முதற்சொல். அது நம்முடையதன்று, ஒருநாளும் நம்முடையதாய் இருந்ததுமில்லை. நம்முடையது இரண்டாஞ் சொல். அதன் வரலாறோ முதற்சொல்லின் வரலாற்றினும் நூறு மடங்கு சுவையுடையது. சுவையுடைய மெய்யை விட்டுவிட்டுச் சப்பென்ற பொய்யை ஏன் சுமக்கவேண்டும் என்பதே என் கேள்வி.

முதற்சொல்லை முதலிற் பார்ப்போம். இலத்தீனில் ‘காப்சா’ என்றாற் பெட்டி. உரோமர் தம் சுருளேடுகளை நிறுத்தி அடுக்கிவைத்த உருண்டைப் பேழைக்கு அப்பெயர் வழங்கிற்று. கொள்ளுதல், பற்றுதல் என்னும் பொருளுடைய ‘காப்பெரே’ என்னும் வினையடியாய்ப் பிறந்தது அது. ஒரு பொருளைத் தன்னகத்துக் கொள்வது ஆகலின் பெட்டி அப்பெயர் பெற்றது. அதனிடை நின்ற பகர ஒற்றுத் தேய்ந்து இத்தாலிய மொழியிற் ‘காசா’ என்றாயிற்று. உடனே துள்ளிக் குதித்து, ‘பாருங்கள், நம் காசு!’ என்று கூவவேண்டா. அங்கும் அதற்குப் பெட்டி என்பதே பொருள். வணிகன் பணம் போட்டுவைக்கும் பெட்டி. பிரெஞ்சு மொழியில் அது ‘கெசு’ என்று ஒலிக்கும். 1590களில் அச்சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டுகின்றது. அப்பொழுதும் பணப்பெட்டி என்றே பொருள். கூடவே பெட்டியிலுள்ள பணம் என்னும் பொருளும் ஒட்டிக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டிற் பெட்டிப்பொருள் வழக்கொழிந்து பணப்பொருள் மட்டும் எஞ்சி நின்றது.

பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருப்பதற்கு ஆயிற்று. இஃது இடவாகுபெயர் என்று எட்டாம் வகுப்பு மாணவனும் சொல்லுவான். ‘பாலை இறக்கு’ என்று பாலின் பெயராற் பாற்கலத்தைக் குறிக்கின்றோமே, அதற்கு நேர்மாறு. நம் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை இவ்வளவு தெளிவாக விளக்க முடிகின்றது. விளக்குவதைவிட்டு அந்தச் சொல்லையே நமதென்று பறிப்பானேன்? பணத்தொழிற் சொற்களை ஆங்கிலேயர் இத்தாலிய வணிகரிடமிருந்து பெற்றது இஃதொன்று மட்டுமன்று. வைப்பகத்தைக் குறிக்கும் ‘பேங்கு’ என்னும் சொல்லும் இத்தாலியத்தினின்று வந்ததே; அங்கு அதன் பொருள் பலகையிருக்கை, காசு மாற்றுவோன் கடைபரப்பிய விசிப்பலகை. பெட்டியும் பலகையும் ஒரே தெருவினின்று ஒரே வழியில் ஆங்கில நாட்டுக்குப் போயின.

காலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலண்டன் வணிகர் கிழக்கிந்தியக் குழுமத்தைத் தொடங்கியது 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். மசூலிப்பட்டினத்தில் அவர்கள் பண்டகசாலை அமைத்தது 1611இல். சென்னையில் மணற்பரப்பைப் பெற்றுக் கோட்டை கட்டத் தலைப்பட்டது 1639இல். இவை யாவற்றுக்கும் முன்னரே இலண்டனிற் பணப்பெட்டிக்கு அப்பெயர் வழங்கிவிட்டது. ‘போர்த்துக்கீசியர் 1498இலேயே வந்தனரே’ என்று இடைமறிப்பார் உண்டு. வந்தனர். ஆனால் வாசுகோ ட காமா கப்பலேறுமுன்பே போர்த்துக்கீசிய மொழியில் ‘கைசா’ என்றால் பெட்டிதான். இலத்தீன் பெட்டியின் மற்றொரு பிள்ளை அது. நம் கரைக்கு வந்து கற்றுக்கொண்டு போனதன்று.

இங்கே ஓர் இடைச்செய்தி. ஒலி ஒன்றாயிருப்பதனாலேயே உறவு கொண்டாடுவோர்க்கு ஆங்கிலத்திற் குழிகள் மிகப் பல. பணம் வாங்கித் தருவோனைக் ‘கேசியர்’ என்பர். அது மேற்சொன்ன பெட்டியின் வழி வந்தது. படைத்தலைவன் ஒருவனை இழிவுபடுத்திப் பணியினின்று நீக்குதலைக் குறிக்கும் வினைச்சொல்லும் அதே எழுத்து, ஏறத்தாழ அதே ஒலி. ஆயின் அதன் பிறப்பு உடைத்தல், செல்லாததாக்கல் என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் சொல்லில். முந்திரிக்கொட்டையைக் குறிக்கும் ‘கேசு’வில் தொடங்கும் சொல்லோ, பிரேசில் நாட்டுப் பழங்குடிகளின் தூப்பி மொழியினின்று போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ஒரே மொழிக்குள்ளேயே ஒலி இத்துணை ஏமாற்றுமாயின், நெடுந்தொலைவிலுள்ள இரு மொழிகட்கிடையே அஃது எவ்வளவு ஏமாற்றும்!

‘இருந்தாலென்ன? தமிழின் பெருமையை ஒருவன் சற்று மிகுத்துச் சொன்னால் யாருக்கு என்ன கேடு?’ என்று என்னிடம் கேட்டவர் உளர். கேடு யாருக்கு என்பதை நான் கண்ணாற் கண்டேன். சில ஆண்டுகட்கு முன்னர்ப் பள்ளி மாணவர்க்கான சொற்போட்டி ஒன்றில் எங்கள் ஊர்ச் சிறுமி ஒருத்தி, ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்களை அடுக்கிக்கொண்டு போனாள். கட்டுமரம் சொன்னாள், சுருட்டுச் சொன்னாள், மிளகுத்தண்ணீர், கறி, பந்தல், வெட்டிவேர் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். எல்லாம் கல்லில் எழுத்து. கடைசியில் முத்தாய்ப்பாகக் ‘கேசு’ என்பதையும் சொன்னாள். யாரோ அச்சிட்ட சிறுசுவடியிற் படித்ததாம். எதிரணிப் பையன் ஒரு பெரிய ஆங்கில அகரமுதலியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். பக்கத்தைத் திருப்பிப் பெட்டி வரலாற்றைப் படித்தான். அவை சிரித்தது. நடுவருள் ஒருவர், ‘மற்றவையும் இப்படித்தானோ?’ என்றார். அந்தச் சிறுமி சொன்ன ஆறு மெய்களும் அந்த ஒரு கேள்வியில் அடிபட்டு வீழ்ந்தன. அவள் கண்ணீரைத் துடைத்தவர்களுள் அச்சுவடியை எழுதியவர் இல்லை. அவர் வேறேதோ மேடையில் அதே செய்திக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்திருப்பார்.

இனி, நம்முடைய சொல்லுக்கு வருவோம். இங்கே தலைநிமிர்ந்து பேசலாம்.

ஐரோப்பியர் நம் காசைக் கண்ட காலம் தெரிந்ததே. இத்தாலி நாட்டு உலூதோவிக்கோ வார்த்தேமா என்பான் கீழைநாடுகளிற் சுற்றித் தான் கண்டவற்றை எழுதிய நூல் 1510இல் உரோமை நகரில் அச்சாயிற்று. வெள்ளியால் ஆகிய ‘தாரம்’ ஒன்றுக்குப் பதினாறு காசு என்று அவன் கணக்குக் கொடுக்கின்றான். கோழிக்கோட்டுப் பக்கத்திற் குரங்குகள் மிகுதி என்றும், குரங்கு ஒன்றின் விலை நான்கு காசு என்றும் எழுதுகின்றான். நான்கு காசு கொடுத்துக் குரங்கை யார் வாங்கினர், வாங்கி என்ன செய்தனர் என்பது அவனுக்கே வெளிச்சம். நமக்கு வேண்டியது குரங்கன்று, அச்சொல். ஐரோப்பிய அச்செழுத்தில் நம் காசு ஏறிய மிகப் பழைய இடங்களுள் இஃதொன்று.

போர்த்துக்கீசியர் அச்சொல்லைத் தம் வாய்க்குத் தக்கவாறு ‘கைசா’ என்று திரித்துக்கொண்டனர். முன்னர்ச் சொன்ன அவர்தம் பெட்டிச் சொல்லின் வடிவும் அதுவே. இந்த இடத்தைத்தான் நம்மவர் கூர்ந்து நோக்கவேண்டும். புதிதாகக் கேட்ட அயற்சொல்லை, முன்பே தன் மொழியிலுள்ள ஒரு சொல்லின் அச்சில் வார்த்துக்கொள்வது மக்கள் வாயின் இயல்பு. காசு என்று கேட்டவன், தன் வீட்டுப் பெட்டியின் பெயர் காதில் விழுந்தாற்போல் எண்ணிக் கைசா என்று சொல்லிவிட்டான். இரண்டு ஆறுகள் கூடிய இடம் போர்த்துக்கீசியன் நாக்கு. அங்கிருந்து ஆங்கிலேயன் அள்ளிக்கொண்டபோது, அவனிடம் முன்பே இருந்த பெட்டிக் கேசோடு இந்தக் காசுக் கேசும் எழுத்தில் ஒன்றாகிவிட்டது. கூடுமிடத்தில் நின்று பார்ப்பவன் ஒரே ஆறென்பான். தலையூற்று வரை நடந்து பார்ப்பவனுக்கே இரண்டென்று தெரியும்.

இந்தக் காசுக் கேசு என்ன பொருளில் ஆங்கிலத்தில் வழங்கிற்று? மதிப்பிற் சிறிய செப்புக்காசு என்னும் பொருளில். தென்னாட்டுக் காசுகளுக்கு மட்டுமா? இல்லை. சீனரின் காசுக்கும் அதுவே பெயராயிற்று! வட்டமாய் வார்த்து நடுவிற் சதுரத்துளையிட்டுக் கயிற்றிற் கோத்து ஆயிரம் ஆயிரமாய் எண்ணிய அச்சீனக் காசை, ஆங்கில நூல்கள் இன்றுவரை ‘கேசு’ என்றே குறிக்கின்றன. சீனர் அதனைத் தம் மொழியிற் ‘சியென்’ என்றும் ‘வென்’ என்றும் வழங்கினரேயன்றி ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. 1511இற் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே தமிழ் வணிகர் பெருந்தொகையாய்க் குடியிருந்தனர். அக்கடல்களில் ஓடிய சிறுகாசுகட்கெல்லாம் போர்த்துக்கீசியர் கைசா என்றே பெயரிட்டனர். ஆங்கிலேயர் அவ்வழக்கைத் தொடர்ந்தனர். தமிழன் சொல் தமிழன் ஆளாத நாட்டுக் காசின்மேல் ஏறி, உலகத்துக் காசுநூல்களிலெல்லாம் அமர்ந்திருக்கின்றது. இதனைச் சொல்லுங்கள் மேடையில். எந்த அகரமுதலியைத் திருப்பியும் எவனும் மறுக்க முடியாது.

கோத்த காசு என்றதும் புலவர்க்கு ஒன்று நினைவு வரும். குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், வேப்பம்பழத்தை வளைந்த அலகிற் பற்றியிருக்கும் கிளிக்கு, பொற்காசு ஒன்றை நகநுனியிற் பிடித்துப் புதுநூல் நுழைப்பவன் கையை உவமையாக்குகின்றார். என்ன கண்! பழமும் காசும் ஒரே நிறம், ஒரே உருட்சி. அலகும் நகமும் ஒரே வளைவு. அங்கே காசு என்பது கோத்து அணியும் பொன்மணி. சீனன் காசையும் கோத்தான், நம் மகளிரும் காசைக் கோத்தனர் என்று இதைக்கொண்டு இன்னொரு கோட்டை கட்டக் கிளம்பவேண்டா. கோத்தல் என்பது துளையுள்ள எப்பொருளுக்கும் உரிய தொழில்.

சென்னையில் ஆங்கிலேயர் கணக்கு எழுதிய முறையிலும் காசே அடிப்படை. எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். ஆக 3360 காசு ஒரு வராகன். 1818இல் உருபாவை அடிப்படையாக்கி, வராகனுக்கு மூன்றரை உருபா என்று வரையறுக்கும்வரை இதுவே கோட்டைக் கணக்கு. திருவிதாங்கூரில் இன்னும் நெடுங்காலம் நின்றது: பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் அந்நாட்டு உருபா ஒன்று.

அந்நாளில் சென்னைக்கு வேண்டிய செப்புக்காசுகளைக் குழுமத்தார் எங்கே அடித்தனர் தெரியுமா? இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரத்தையடுத்த மேத்தியூ போல்ட்டனின் பட்டறையில், நீராவிப் பொறியால் அடித்தனர். 1803, 1808 ஆகிய ஆண்டுகளை ஏந்திய பத்துக் காசும் இருபது காசும் இன்றும் காசு தொகுப்போரிடம் மிகுதியாய்க் கிடைக்கின்றன. 1809 சனவரியில் ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல் நாற்பத்தெட்டுத் தொன் அளவுக்கு இக்காசுகளை ஏற்றிப் புறப்பட்டு, கென்று கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. 1980களில் முக்குளிப்போர் இறங்கி அவற்றை அள்ளி அள்ளி எடுத்தனர். அந்தக் காசு ஒன்றை உருப்பெருக்கியால் பார்த்தால் ஒருபுறம் குழுமத்தின் பொறி. மறுபுறம் ஆங்கில எழுத்திற் ‘கேசு’ என்னும் பெயரும் மதிப்பும். அதன் மேல், இருபது காசு நான்கு பலூசு என்று சொல்லும் பாரசீக வரிகள். பாரசீக எழுத்தில் ‘காசு’ என்பது ஏறத்தாழ நம் ஒலிப்பிலேயே ‘காசு’ என்றிருக்கின்றது. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. பொருள் தமிழ்நாட்டுச் சந்தைக்கு, பெயர் தமிழ், எழுதப்பட்ட எழுத்து மட்டும் அயலார் இருவருடையது. சொல்லைக் கொள்வார், சொல்லுக்குரியாரின் எழுத்தைக் கொள்ளார். நெஞ்சு கொதிக்க வேண்டுமாயின் இதற்குக் கொதிக்கட்டும், பெட்டிக்கு அன்று.

இவ்வளவில் நம்மவர்க்கு உரைக்க வேண்டியதை உரைத்தேன். இனி மறுபக்கத்தாரைப் பார்க்கவேண்டும். நம்மவர் ஒலியொப்புமையால் இடறி விழுந்தனர் என்றால், அவர்கள் அதே கல்லில் இடறி விழுந்தும் அதனை ஆராய்ச்சி என்கின்றனர்.

யூல், பர்னல் என்னும் இருவர் 1886இல் வெளியிட்ட ‘ஆப்சன் சாப்சன்’ என்னும் சொற்றொகுப்பு, ஆங்கிலேயரின் காசுச் சொல் தமிழ்க் காசினின்று போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்று ஒப்புகின்றது. நன்று. ஆயின் அத்தோடு நில்லாது, தமிழ்க் காசுக்கும் ஒரு தந்தையை வடமொழியில் தேடிக் ‘கர்ச’ என்னும் எடைப்பெயரைக் காட்டுகின்றது. அதன்பின் வந்த அகரமுதலிகள் பலவும் அதனையே கண்ணை மூடிக்கொண்டு படியெடுத்தன. தமிழில் ஒரு நல்ல சொல் இருந்துவிட்டால் அஃது எங்கிருந்தோ வந்திருக்கத்தான் வேண்டும் என்பது அவர்கட்கு எழுதாச் சட்டம்.

கர்சம் என்பது என்ன? பதினாறு மாசம் கொண்ட ஓர் எடை. எண்பது குன்றிமணி நிறை. காசு என்பது என்ன? நம் பழம்பாட்டுகளில் அது மணி, கோத்தணியும் பொன். பிற்காலத்திற் சோழர் கல்வெட்டுகளில் அடித்து வழங்கிய பொற்காசு. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளைப் படித்தவர், எடைக்குக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று தனிச்சொற்களும், எண்ணிக் கொடுப்பதற்குக் காசு என்னும் தனிச்சொல்லும் வருவதை அறிவர். நிறுப்பது வேறு, எண்ணுவது வேறு என்று தெளிவாய்ப் பிரித்து வைத்த மக்கள், நிறைப்பெயரைக் கடன்வாங்கி அதனை மணிக்கும் காசுக்கும் வைத்து, நிறைக்கு மட்டும் வழங்காது விட்டனர் என்று நம்பச் சொல்கின்றனர்.

ஒலியைப் பார்ப்போம். வடமொழியில் ரகர ஒற்றை அடுத்துச் சகரம் வரும் சொற்கள் தமிழில் எப்படி நுழைந்தன? ‘வர்ச’ என்பது வருடம் ஆயிற்று. ‘தர்சன’ என்பது தரிசனம் ஆயிற்று. ‘பர்ச’ என்பது பரிசம் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் ரகரம் ஓர் உயிரைத் துணைகொண்டு தங்கியிருக்கின்றது. அம்முறையிற் கர்சம் வந்திருப்பின் கருடமாகவோ கரிசமாகவோ வந்திருக்க வேண்டும்; ரகரத்தை விழுங்கி முதலெழுத்தை நீட்டிக் காசாக வந்திருக்க வழி காணேன். ‘பாகதத்தின் வழியே திரிந்து வந்தது’ என்பர். பாகதத்திலும் பாலியிலும் அக்குடும்பத்துக் காசுப்பெயர் ‘ககாபணம்’ என்னும் போக்கிற் திரிந்துள்ளதை எல்லாரும் அறிவர். காசு என்னும் பொருளிற் ‘காச’ என்றோ அதற்கு முந்தைய வடிவிலோ வழங்கிய இடத்தை எடுத்துக்காட்டுவது, வந்தது என்பவர்தம் கடன். காட்டட்டும், பிறகு பேசுவோம். பரோ, எமனோ என்னும் அயல்நாட்டு அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்ட திராவிட மொழிச் சொற்பிறப்பியல் அகரமுதலி, தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகியவற்றில் வழங்கும் காசைத் திராவிடச் சொற்களோடு வரிசைப்படுத்தியிருக்கின்றது என்பதையும் படியெடுப்போர் கவனத்திற் கொள்க.

வெண்பாவின் ஈற்றுச்சீர்க்கு நம் யாப்பிலக்கணம் வகுத்த வாய்பாடு நாள், மலர், காசு, பிறப்பு. இலக்கணம் கற்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் முதலில் மனப்பாடம் செய்யும் நான்கு சொற்களுள் ஒன்று காசு. குற்றியலுகரத்தை அளந்து காட்டுவதற்கு, எல்லார் நாவிலும் புழங்கும் எளிய சொல்லாக அதனைத் தேர்ந்தெடுத்தனர்.

ஒலியொப்புமைக்கு ஓர் உரைகல் சொல்கின்றேன். இருபக்கத்தாரும் இதனில் உரைத்துப் பார்க்கட்டும். இரு சொற்களின் பழைய வடிவங்களை நோக்கிப் பின்னே பின்னே போகும்பொழுது ஒற்றுமை மிகுமாயின் உறவு, குறையுமாயின் தற்செயல். தமிழில் எட்டு, ஆங்கிலத்திலும் ஏறத்தாழ ‘எய்ட்டு’. ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பின்னே போங்கள். தமிழ் எட்டின் அடி எண் என்பது. எண்பது, எண்ணூறு என்பவற்றில் அது வெளிப்படை. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’, எங்கும் மூக்கொலி. ஆங்கிலச் சொல்லோ செருமானியத்தில் ‘அக்ட்டு’, இலத்தீனில் ‘ஒக்டோ’, எங்கும் ககரம். போகப்போக இரண்டும் முகந்திருப்பிக்கொண்டு பிரிகின்றன. பெட்டிக் கேசும் நம் காசும் இவ்வாறே பிரிவன. காசும் கர்சமும் இவ்வாறே பிரிவன. சீனக்காசின் ஆங்கிலப் பெயரைப் பின்னே தொடர்ந்து போனாலோ கைசா, பிறகு காசு என்று ஒவ்வோர் அடியிலும் நம் வீட்டு வாயிலை நெருங்குகின்றது. சொற்பிறப்பியல் வல்ல நம் பெரியோர் ஆழ அகழ்ந்து வேர் கண்டவர்கள். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நுனிப்புல் மேய்வது அவர்க்குச் செய்யும் சிறப்பன்று.

சொல்லின் பிறப்புக்கு இவ்வளவு சண்டையிடும் நாம், அதன் வாழ்வுக்கு என்ன செய்கின்றோம்? கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ‘கேசா, கார்டா?’ என்கின்றான் கடைக்காரன். ‘கேசுதான்’ என்கின்றான் வாங்குவோன். அவன் வாய்க்குள் நம் காசு இருக்கின்றது. முதலெழுத்தை மட்டும் திருகிவிட்டு அயலான் பெட்டியை எடுத்துப் போடுகின்றான். முறைமன்றத்து வழக்கையும் ‘கேசு’ என்கின்றோம். அது வீழ்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கண்ணாடிப் பேழையையும் ‘கேசு’ என்கின்றோம். அது பழைய பெட்டிச் சொல்லே. பணம், வழக்கு, பேழை என்னும் மூன்று தனித்தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு, மூன்றுக்கும் ஒரே ஒலியை ஆங்கிலத்தினின்று இரந்து, எது எதுவென்று தெரியாமல் விழிக்கும் இனம் வேறெங்கேனும் உண்டா? 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் உருபாத் தாள்கள் செல்லா என்று அறிவித்தபின், ‘கேசுலெசு’ என்னும் சொல்லைச் சிற்றூர்க் கிழவிகூடச் சொல்லத் தொடங்கினாள். அவளிடம் அன்று இல்லாதது காசு. அவள் வாயில் ஏற்றப்பட்டது கேசு.

‘ரொக்கம்’ என்று சொல்லலாமே என்பார்க்கு ஒரு சொல். ரகரம் தமிழிற் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். அச்சொல் மராட்டிய ஆட்சியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கேசை விரட்ட அதனை அழைப்பது ஓநாயை விரட்ட நரியை அழைப்பதாகும். கைக்காசு என்பதற்கு என்ன குறை? உடன் கொடுப்பதை உடன்காசு எனலாம். இருப்பிலுள்ளதைக் கையிருப்பு எனலாம். புதிதாய் ஆக்கிய சொற்கள் நில்லா என்று நகைப்போர், ‘காசோலை’ என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கட்டும். காசும் ஓலையும் சேர்ந்த அச்சொல்லை இன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மலேசியாவிலும் எழுதாத வைப்பகம் இல்லை. ‘காசாளர்’ என்னும் சொல்லும் அவ்வாறே வைப்பகத்துக் கண்ணாடிக்கு மேலே எழுதித் தொங்குகின்றது. அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான், உள்ளிருப்பவரும் வெளியிலிருப்பவரும் ‘கேசா, செக்கா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர்.